துணி கட்டிய கத்தரிக்காய்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பஸ் கண்டக்டர் தனியாகக் குடியிருந்தார். நெட்டையான மனிதர். வீட்டில் இருக்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கும். என் தோட்டத்தில் கீரை பறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். வேலியருகே நின்று மெல்ல விசில் ஊதிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஒருநாள் தூக்குவாளியோடு வந்தார்.

"அண்ணே, உங்க தோட்டத்துல ஒரு கத்தரிக்கா பழுத்து வீணாக் கெடந்துச்சு. வெதையை வழிச்சு எறிஞ்சுட்டுக் கொழம்பு வச்சேன். உங்களுக்கும் கொண்டாந்தேன்."

"அதுல துணி கட்டியிருந்துச்சே மாப்ள?"

"கண்ணு படாம இருக்கக் கட்டுனீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"வெதைக்கு விட்டது. இந்த ரகத்துல மிச்சமிருந்ததே அது ஒண்ணுதான்."

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் தலை குனிந்தபடி தூக்குவாளியைத் திரும்ப எடுத்துப் போனார். பிறகு விசில் கேட்கவில்லை. கீரை முற்றிப் பூத்துவிட்டது.

மழைக்குப் பின் ஒரு விடியற்காலை, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். கொட்டாங்கச்சிகளில் நட்ட கத்தரி நாற்றுகளை என் வேலியோரம் வைத்துக்கொண்டிருந்தார். அவர் பாத்திரம் கழுவும் இடத்தில் எறிந்த விதை முளைத்திருக்க வேண்டும். கூப்பிட வாயெடுத்தேன். ஒரு காய்க்காகக் கத்தியவன் எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஜன்னலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அவர் விசிலை வாயில் வைத்தார். ஊதாமலே திரும்பிப் போனார்.