பரீதா ரீச்சருக்கு விளங்காத மிச்சம்

தொலைபேசியில் கேட்டது பரீதா ரீச்சரின் குரல். "எப்பிடி இருக்கிறீங்கள் ரீச்சர்?" என்றேன். "நான் அவவின்ர தங்கச்சி சபீனா கதைக்கிறன். பரீதா விடிய மௌத்தாகிட்டா." இரட்டையர் இருவருக்கும் ஒரே குரல் என்று தெரிந்தும், இறந்தது யார் என்று மறுபடி கேட்டேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

முல்லைத்தீவில் எங்கள் பாடசாலையில் அவர் உயிரியல் படிப்பித்தார், நான் இரசாயனவியல். மார்புப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மாதங்களிலும் மரபணுப் பாடத்தை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் நானும் பின்வாங்கில் இருந்து கேட்டேன். "எங்கட உடம்பில எல்லாக் கலத்துக்குள்ளயும் ஒரே மரபணுக்கள்தான். எது எப்ப வேலை செய்யவேணும், எது சும்மா இருக்கவேணும் எண்டதுதான் முக்கியம்." புரதங்கள் வந்து ஒட்ட ஒரு மரபணு இயங்கத் தொடங்குவதையும், கலத்தைப் பெருகச் செய்யும் மரபணு அடங்காமல் போவதையும், அதைத் தடுக்கவேண்டியது வேலை செய்யாமல் நின்றுவிடுவதையும் பலகையில் கீறி, புற்றுநோய் இப்படித்தான் தொடங்கும் என்று காட்டினார்.

ஒரு மாணவி எழுந்தாள். "அப்ப உங்கட தங்கச்சிக்கு ஏன் ரீச்சர் வரேல்ல?"

அவர் கோபிக்கவில்லை. "பிறக்கேக்க ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். பிறகு கலங்களில சின்னச் சின்ன மாற்றங்கள் சேரும். அதுவரைக்கும் விளங்குது. ஏன் எனக்கு எண்டது விளங்கேல்ல, பிள்ளை."

எனக்கு அது போதவில்லை. இடம்பெயர்ந்திருந்த முகாமின் தண்ணீரா, வயலுக்கு அடித்த மருந்தா, ஷெல் புகையா என்று அவரை ஓயாமல் கேட்டேன். எல்லாவற்றையும் அக்காவும் தங்கையும் சேர்ந்தே அனுபவித்திருந்தார்கள். ஒருநாள் சொன்னார்: "காரணம் கிடைச்சா கோவப்பட ஒரு இடம் கிடைக்கும் எண்டு பாக்கிறீங்கள். நானும் தேடினனான்." சொல்லிவிட்டு எனக்கும் தேநீர் ஊற்றித் தந்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா எத்தனையோ தரம் சொல்லியும் சபீனா இன்னும் மருத்துவரிடம் போய்ச் சோதித்துப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் வருமோ ரீச்சர்?"

வராது என்று சொல்ல வாயெடுத்தேன். வரும் என்று சொல்லவும் எனக்கு என்ன தெரியும்?

"தெரியேல்ல சபீனா" என்றேன். "செவ்வாய்க்கிழமை வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போவம். நானும் வாறன்."

பரீதா ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருப்பது.