வாய் இல்லாத குஞ்சுகள்

அப்பா கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் ஒரு ஆய்வுகூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை செய்தார். அங்கே வளர்த்த கடல் முள்ளெலிகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். முள்ளுப் பந்து மாதிரி இருக்கும். திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவார். கண்டியில் கடல் ஏது. கடல் தண்ணீரையும் கேனில் சுமந்து வர வேண்டும்.

"என்ன மாமா, கறிக்கா?" என்று கண்டக்டர் கேட்பானாம்.

"கறிக்கில்ல தம்பி, படிப்புக்கு. நம்மளவிட நல்லா கவனிக்கிறாங்க இதுகள" என்பாராம் அப்பா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பேசுவார். சித்திரை வருசப் பிறப்புக்குப் பிறகு போன் வரவில்லை. நாங்கள் எடுத்தாலும் லைன் கிடைக்கவில்லை. கண்டி மஹய்யாவயில் எங்கள் வீட்டில் என்னைத் தனியே விட முடியாமல், சனிக்கிழமைகளில் அப்பா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போவார்.

ஆராய்ச்சி செய்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. முள்ளெலிக்கு ஊசி போட்டு, ஒரு குவளை மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். பெண் என்றால் செம்மஞ்சளாக முட்டை ஒழுகும். ஆண் என்றால் பால் மாதிரி ஒழுகும். இரண்டையும் கலந்தால் இரண்டு நாளில் குஞ்சு நீந்தும்.

ஒரு சனிக்கிழமை மிஸ் எனக்கு நுணுக்குக்காட்டியில் இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். முதல் தட்டில் குஞ்சுகள் கை நீட்டிக்கொண்டு, பட்டம் மாதிரி நீந்தின. சிவப்புப் புள்ளி வைத்த தட்டில் வெறும் உருண்டைகள்.

"இதுகளுக்கு என்ன மிஸ்?"

"ஒரு பக்கத்தில இருந்து ஒரு சாமான் கசியும் பிள்ளை. 'இஞ்சதான் வாய்' எண்டு சொல்லும். பிறகு அதுவே இன்னொரு சாமானை எதிர்ப்பக்கம் அனுப்பும். அங்க முதுகு. இதுகளுக்கு அந்தச் சேதி கேக்காமல் மருந்து போட்டிருக்கிறன்."

"கேக்காட்டி?"

"வாயும் இல்ல, முதுகும் இல்ல. எது முன்பக்கம் எண்டு தெரியாமல் சும்மா சுத்தும்."

மிஸ் சாப்பிடப் போனார். அப்பா வெளியே துடைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பவும் பார்த்தேன். உருண்டைகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

சேதி தண்ணீரில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். சொட்டுக் குழாயால் நல்ல தட்டில் உறிஞ்சி, சிவப்புப் புள்ளித் தட்டில் விட்டேன். பாதி காலியாகும் வரை விட்டேன். குஞ்சுகளும் சேர்ந்து போயின. பிறகு காத்திருந்தேன். ஒன்றுக்கும் வாய் வரவில்லை.

மிஸ் வந்து குனிந்து பார்த்தார். உருண்டைகளுக்கு நடுவில் கை நீட்டிய குஞ்சுகள். மூன்று வாரமாகத் திரும்பத் திரும்பச் செய்து, அன்றுதான் சரியாக வந்த தட்டுகள் கெட்டன.

"நான்தான் மிஸ்" என்றார் உள்ளே வந்த அப்பா. "மேசை தொடைக்கக்குள்ள கொட்டிருச்சு. பயத்துல அள்ளி ஊத்திட்டேன்."

வேலை போகலாம் என்று தெரிந்துதான் சொன்னார்.

மிஸ் என் கையைப் பார்த்தார். சொட்டுக் குழாய் இன்னும் கையில்தான் இருந்தது.

"அண்ணை, நீங்கள் சும்மா இருங்கோ. ஏன் பிள்ளை?"

"அதுகளுக்கும் சேதி போகட்டும்னு."

மிஸ் ஏசவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அதுக்கு ஒரு நேரம் இருக்கு பிள்ளை. அது போயிட்டுது. இனி எவ்வளவு சொன்னாலும் இதுகளுக்கு ஏறாது."

அப்பாவின் வேலை தப்பியது. அடுத்த கிழமை திரும்பவும் திருகோணமலை போக வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கெட்டம்பே தாண்டியதும் அப்பா டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு கேட்டார்.

"நேரம் போயிருச்சுன்னா ஒண்ணும் செய்ய ஏலாதாமா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது.

"ஏலாதுப்பா. இனி ஏறாதாம்."

அப்பா கோணலாகக் கிடந்த என் ரிப்பனை அவிழ்த்து, அம்மா கட்டுகிற மாதிரி வராவிட்டாலும், தனக்குத் தெரிந்த மாதிரி திரும்பக் கட்டிவிட்டார்.

தட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.