ஜெஸீமா டீச்சர் தட்டு மாற்றிய கண்ணாடி

காலைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும்போது கிண்ணியாவிலிருந்து ஜெஸீமா டீச்சரின் கணவர் அழைத்தார். "டீச்சர், இவ மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பின் அவருடைய வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அவவோட கரையில கண்ணாடித் துண்டு பொறுக்கிற டீச்சர் நீங்கதானா?" ஓம், நான்தான்.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு படிப்பித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். அவர் இரசாயனவியல், நான் தமிழ். பின்னேரங்களில் கிண்ணியா பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் திருகோணமலை டச்பே கடற்கரையில் நடப்போம். கடல் ஒதுக்கிய கண்ணாடித் துண்டுகளை நான் நிறத்துக்காகப் பொறுக்குவேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். பச்சை, சோடாப் போத்தல். தட்டையானது, யாரோ வீட்டு யன்னல் என்பார். ஒருநாள் அலை ஒதுக்கிய நுரைக்கல்லை நான் காலால் தள்ளினேன். "அதையும் எடுங்க. எரிமலை ஊதின கண்ணாடி அது. கடல் தாண்டி மிதந்து வந்திருக்கு, உதைக்கிறீங்களே!"

ஆய்வுகூடத்தில் இரண்டு தட்டுகள் வைத்தார்: இயற்கை, மனிதர். இயற்கைத் தட்டில் அந்த நுரைக்கல் மட்டும் தனியாகக் கிடந்தது. மின்னல் விழுந்தால் மணலே உருகிக் கண்ணாடியாகும் என்று அவர் சொன்ன பிறகு, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதைத் தேடினேன். "மின்னலுக்கு ஒங்கட விலாசம் தெரியா டீச்சர்" என்று சிரிப்பார்.

பிறகு அவர் நோயாகி ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தபோது, டாக்டர் கணவரையும் என்னையும் வெளியே கூப்பிட்டு, இனிச் சுகப்படுத்த ஏலாது என்றார். "அவக்கிட்ட சொல்லிராதீங்க" என்று கணவர் கெஞ்சினார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த முறை போகும்போது, கரையில் மீனவர் தங்கும் வாடிக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரு கட்டியைக் கொண்டுபோனேன். வெளியே மணல் ஒட்டியிருந்தது, உள்ளே பளபளத்தது. "மின்னல் கண்ணாடி!" என்றேன்.

யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரமாக விரலை ஓட்டினார். "இது போத்தல் வாயில மூடி சுத்துற புரி. வாடியில குப்பை கொளுத்தியிருக்காங்க. போத்தல் உருகி மணலப் பிடிச்சிருக்கு." என் முகத்தைப் பார்த்தார். "மனுசர் செஞ்சதெண்டா கொறஞ்சா போகுது? அந்தத் தட்டில வைங்க."

பிறகு, அதே குரலில்: "டாக்டர் வெளியில என்ன சொன்னாரு? அதுக்கும் மின்னல் எண்டு பேர் வைக்காதீங்க."

வாசலில் நின்ற கணவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன்.

கட்டியைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கணவரிடம், "மகளக் கொழும்பிலிருந்து வரச் சொல்லுங்க. லீவு கிடைக்கட்டும் எண்டு பாக்க வேணாம். இண்டைக்கே" என்றார்.

அடக்கத்தன்று அந்த மகள் என் கையை விடவில்லை. "உம்மா எல்லாம் கதைச்சிட்டுத்தான் போனா டீச்சர். எனக்கு ஏசவும் ஏசினா, நல்லா."

கட்டி இப்போது மனிதர் தட்டில் இருக்கிறது. மழை விட்டதும் நான் இன்னும் கரைக்குப் போகிறேன், மின்னல் செய்ததைத் தேடித்தான். ஆனால் எதை எடுத்தாலும் முதலில் அதன் ஓரத்தில் விரலை ஓட்டி, புரி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.