மாமா மௌத்தான நாள்

என் மாமாவைத் தெரியாதவர்கள் இந்த நாட்டில் குறைவு. உம்மாவின் தம்பி. சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களில் பொலிஸ்காரராக, மீன் முதலாளியாக, கல்நெஞ்சுக்கார மாமனாராக வந்து வந்து, இப்போது சினிமாவில் கதாநாயகியின் தகப்பனாக உயர்ந்திருக்கிறார். அண்மையில் விருதும் வாங்கினார். மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது தில்லையடியில் நாங்கள் கதிரையை விட்டெழுந்து கைதட்டினோம். இவ்வளவு பெரிய நடிகரின் முதல் வேடம் என்ன என்று கேட்டால் வாப்பா இன்றும் விழுந்து விழுந்து சிரிப்பார். பிணம்.

அப்போது நான் சிறுபிள்ளை. வாப்பாவுக்கு மதுரங்குளியில் இரும்புச் சாமான் கடை. மாமா அங்கே நிற்காமல் நடிக்க வாய்ப்புத் தேடி கொழும்புக்கு ஓடுவது வாப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுதான் கடைசி. இந்த நாடகம் முடிஞ்சா கடைக்கு வந்து இரிக்கணும்" என்று சொல்லிவிட்டார். மாமாவும் செத்த முகத்தோடு தலையாட்டினார்.

தொலைக்காட்சியில் அந்த நாடகம் போன அன்று ஒழுங்கைச் சனமே எங்கள் வீட்டில். கடலில் மூழ்கிய ஒருவரைக் கற்பிட்டிக் கரையில் அலை ஒதுக்கியிருந்தது. அதுதான் மாமா. ஒரு கை முதுகுக்குக் கீழே மாட்டியிருக்க, வாய் லேசாகத் திறந்து, கன்னத்தில் மணல் அப்பிக் கிடந்தார். ஒரு ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. மாமா அசையவில்லை. யாரோ ஒரு பெண் தன்னை மறந்து, சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் "இன்னாலில்லாஹி" சொல்ல, எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். உம்மா மட்டும் எழுந்து குசினிக்குள் போனார். தேத்தண்ணி போடப் போகிறார் என்று நினைத்தேன். தேத்தண்ணி வரவில்லை.

நாடகத்தில் மாமா மௌத்தான செய்தி இரண்டு ஒழுங்கை தாண்டுவதற்குள் நாடகம் கழன்று விழுந்து, மௌத்து மட்டும் மிஞ்சிவிட்டது. மௌத்து வீட்டில் அடுப்பு எரியாது. அயலவர்தான் சாப்பாடு கொடுப்பார்கள். பள்ளிவாசலில் அறிவிக்கவில்லையே என்றெல்லாம் யோசிக்காமல், மறுநாள் பகல் ஒரு சாச்சி சோற்றுச் சட்டியோடு அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினார். திறந்தது மாமா.

"யா அல்லாஹ்! நீ மௌத்தாகல்லையா?"

"இல்ல சாச்சி. ஆனா பசிக்கிது. சோத்தத் தாங்க."

வாப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "ஊரையே நம்ப வெச்சிட்டான். இவனப் புடிச்சி ஆணி நிறுக்க வெக்கவா? போவட்டும், நடிக்கட்டும்" என்றார். சாச்சியையும் இருத்தி, ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். மாமாவின் தொழில் அன்றுதான் ஆரம்பமானது.

எனக்கோ பெருமை பிடிபடவில்லை. நானும் நடிகையாவதென்று முடிவு செய்தேன். பின்னேரம் முற்றத்து மணலில் மல்லாந்து, கையை முதுகுக்குக் கீழே மாட்டி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தேன். உம்மா ஓடி வந்தார். என்னைத் தூக்கி நிறுத்திக் கன்னத்தில் அறைந்தார். அடுத்த நொடி நெஞ்சோடு சேர்த்து இறுக்கினார். பார்த்துக்கொண்டு நின்ற மாமா குனிந்து என் முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

மாமாவைப் போல எனக்கு நடிக்க வரவில்லையாக்கும் என்றுதான் அன்று அழுதேன். அவர்கள் இருவருக்கும் மூத்த நானா, அண்ணன் ஒருவர் இருந்தார் என்பதும், தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுத் தோணியில் வந்தபோது அவரையும் அலை இந்தக் கரை மணலில் அப்படித்தான் ஒதுக்கியிருந்தது என்பதும் எனக்குத் தெரியாது.