காரணம் எழுதாத உறை

எங்கள் தேவாலயத்தில் நன்றி சொல்வதற்குக்கூட ஒரு முறை உண்டு. வாசலுக்குப் பக்கத்தில், பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் மேசையின் ஓரத்தில், ஸ்தோத்திரக் காணிக்கை உறைகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். இளஞ்சிவப்பு நிறம். உறையின் மேல் பெயருக்கு ஒரு கோடு, தொகைக்கு ஒரு கோடு, காரணத்துக்கு ஒரு கோடு. பிறந்தநாள், கல்யாண நாள், பிள்ளை பரீட்சையில் தேறியது, புது வீட்டுச் சாவி கைக்கு வந்தது, எதற்காக நன்றி சொல்கிறோமோ அதை எழுதிக் காணிக்கைப் பையில் போட்டுவிட வேண்டும். பிரசங்கம் முடிந்ததும் போதகர் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். பேர் வாசிக்கப்பட்ட குடும்பம் முன்னால் போய் முழங்காலிடும், அவர் ஜெபிப்பார். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது என்பதால், பிரசங்கத்தில் கண்ணயர்ந்தவர்கள்கூட இதற்கு விழித்துக்கொள்வார்கள்.

அந்த மூன்றாவது கோட்டில்தான், பத்து வயதில், தொடக்கநிலை நான்கில் படிக்கும்போது, எங்கள் குடும்ப மானத்தை நான் கப்பலேற்றினேன்.

அப்பா சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். கம்பெனி அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றியபோது அவரையும் இன்னும் பலரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்தில் மாட்டும் பாஸை அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைக் கோத்திருந்த நீலக் கயிறு மட்டும் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாவிக் கொக்கியில் தொங்கியது. அம்மா அதை எடுத்துப் போடவும் இல்லை, அப்பா தொடவும் இல்லை.

முதல் சில மாதங்கள் அப்பா நன்றாகத்தான் இருந்தார். காலையில் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு நூலகத்துக்குப் போய் விண்ணப்பம் அனுப்புவார். சாயங்காலம் ஏழரைக்குக் குடும்ப ஜெபம். முதலில் நான், பிறகு அம்மா, கடைசியில் அப்பா முடித்து ஆசீர்வாதம் சொல்வார். அது எங்கள் வீட்டுச் சட்டம். நான் என் ஜெபத்தில் ஆண்டவரிடம் எங்கள் அடுக்குமாடி எண், மாடி எண் எல்லாம் தெளிவாகச் சொல்லிவிடுவேன். ஆசீர்வாதம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாதே.

கஷ்டம் வேலை போனதால் மட்டும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைத் தேநீரோடும் வந்தது. ஆராதனை முடிந்ததும் பின்பக்கக் கூடத்தில் எல்லாரும் டீ குடிப்பார்கள். கோப்பையை வாங்கித் திரும்பினால் ஒருவர் கேட்பார், "என்ன பிரதர், வேலை ஏதும் கிடைச்சிச்சா?" சர்க்கரை போட்டுக் கலக்கினால் இன்னொருவர் கேட்பார். அத்தனை பேரும் அன்பாகத்தான் கேட்டார்கள். அப்பா டீயை ஆறவிட்டு ஆறவிட்டுப் பதில் சொன்னார். ஒருநாள் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கூடத்தின் நடுவில் வைத்து, "தம்பி, நான் சொல்றேனேன்னு நினைக்காதீங்க. ஆண்டவர் இவ்ளோ நாள் கதவை அடைச்சு வச்சிருக்காருன்னா, நம்மகிட்ட ஏதாச்சும் குறை இருக்கான்னு யோசிச்சுப் பார்க்கணும் லா" என்றார். பெரியம்மாவுக்கு ஊரார் குறையெல்லாம் தெரியும், தன் வாயைத் தவிர.

அடுத்த ஞாயிறு அப்பாவுக்குத் தலைவலி. அதற்கடுத்த ஞாயிறு முதுகுவலி. அதன்பிறகு அவர் வலி எதையும் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். அம்மாவும் நானும் மட்டும் ரயில் ஏறி, டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கிப் போனோம். ஒருநாள் சாயங்கால ஜெபத்தில் நானும் அம்மாவும் முடித்த பிறகு அப்பாவின் முறை வந்தது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீயே முடிச்சிடு" என்றார் அம்மாவிடம்.

அம்மா முடித்தார். அன்றிலிருந்து தினமும் அம்மாதான் முடித்தார். வேலை போனது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. வெளியில் தோசை சாப்பிடுவதை நிறுத்தியிருந்தோம், பள்ளிக்கு அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலி சம்பல் ரொட்டி நன்றாகவே இருந்தது. அப்பா ஜெபத்தில் வாய் திறக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கும் அதுதான் பயம் என்று அவர் சமையலறையில் பாத்திரங்களை வைக்கும் சத்தத்திலேயே தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் ஞாயிறு பள்ளி டீச்சர் எங்களுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். "கடையில ஆர்டர் பண்ணிட்டு, சாப்பாடு வர்றதுக்கு முன்னாடியே அங்கிளுக்கு தேங்க்ஸ் சொல்றோம்ல? அதே மாதிரிதான். ஆண்டவர்கிட்ட கேட்டுட்டா, கையில வந்துட்ட மாதிரி முன்னாடியே நன்றி சொல்லணும். அதான் ஃபெய்த்." மற்றப் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் எதையும் காரியத்தில் இறக்கிப் பார்க்கும் ஆள். இத்தனை மாதம் எங்கள் வீட்டில் கேட்டோம், கேட்டோம், கேட்டுக்கொண்டே இருந்தோம். ஒருவராவது முன்கூட்டி நன்றி சொன்னோமா? தப்பு எங்கே என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது.

அடுத்த ஞாயிறு நான் ஆராதனையில் மனப்பாட வசனம் ஒப்பிக்க வேண்டிய நாள். அப்பா என்னிடம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார், அதனால் வந்தார். கடைசி வரிசையில் கதவை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்தார், முடிந்ததும் டீ கூடத்துப் பக்கம் போகாமல் வெளியேற வசதியாக. அம்மா அவருக்கு அடுத்து. நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி மேசைக்குப் போய் ஓர் உறையை எடுத்தேன். பிறந்தநாளுக்கு மாமா கொடுத்த இரண்டு வெள்ளி நோட்டை உள்ளே வைத்தேன். அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன். காரணம் என்ற கோட்டில், என் தமிழாசிரியை பார்த்தால் மகிழ்ந்துபோகும் கையெழுத்தில், "புதிய வேலை கிடைத்ததற்காக" என்று எழுதினேன். கிடைக்கப்போகிறது என்று எழுதலாமா என யோசித்தேன்தான். ஆனால் விசுவாசம் என்று வந்துவிட்டால் அரைகுறையாக இருக்கக் கூடாதல்லவா.

வசனத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். பிரசங்கம் முடிந்தது. போதகர் உறைகளை எடுத்தார். ஒரு பிறந்தநாள், ஓர் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, ஊருக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. நாலாவது உறையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்பாவின் பேரை வாசித்தார். காரணத்தையும் வாசித்தார். "சபையாரே, இத்தனை மாசமா நாம எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சோமே" என்று சொல்லும்போதே அவர் குரல் இளகிவிட்டது. சபை முழுவதும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றது. யாரோ கைதட்டத் தொடங்க, எல்லாரும் தட்டினார்கள். இரண்டு வரிசை முன்னால் இருந்த பெரியம்மா திரும்பிப் பார்த்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. அவர் நம்பிவிட்டார். அப்பா தன்னை ஆச்சரியப்படுத்துவதற்காகச் சொல்லாமல் வைத்திருந்தார் என்று நினைத்துவிட்டார். "என்னங்க, என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அத்தனை மாதங்களில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

கதவு அவருக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. அவர் எழுந்தபோது வெளியே போகிறார் என்றே நினைத்தேன். சாலைச் சத்தமும் வெயிலும் அந்தப் பக்கம் இருந்தன. ஆனால் அவர் நடுவழியில் முன்னால் நடந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். வழியில் இரண்டு மூன்று பேர் அப்பாவின் தோளைத் தட்டினார்கள்.

முழங்காலிட வேண்டிய இடத்தில் அப்பா முழங்காலிடவில்லை. "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். போதகர், சாட்சி சொல்லப்போகிறார் என்று நினைத்து, சந்தோஷமாக மைக்கை நீட்டினார்.

"வேலை கிடைக்கல" என்றார் அப்பா. "பிள்ளை எழுதியிருக்கா. அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க." மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நான் சர்ச்சுக்கு வர்றதை நிறுத்திட்டேன், உங்களுக்குத் தெரியும். எனக்கு ஆண்டவர் மேல கோவம். வீட்டுல ஜெபம் பண்ணக்கூட வாயைத் திறக்க முடியல. நான் சொல்லாத நன்றியை இவ எனக்காக எழுதிப் போட்டுட்டா." போதகர் பக்கம் திரும்பினார். "காணிக்கையைத் திருப்பிக் கேட்கல ஐயா. அது இருக்கட்டும். என் பேருலயே இருக்கட்டும்."

மைக்கைக் கொடுத்துவிட்டு முழங்காலிட்டார். அம்மா என் கையை விடவே இல்லை, ஆனால் அவர் கை சில்லிட்டிருந்தது. நாங்களும் முழங்காலிட்டோம். எங்கள் போதகர் நீண்ட ஜெபத்துக்குப் பேர்போனவர், அவர் ஆமென் சொல்வதற்குள் அடுப்பில் வைத்த கறி கரிந்துவிடும் என்று அம்மாவே சொல்வதுண்டு. அன்று அவர் எங்கள் பக்கத்தில் முழங்காலிட்டு அப்பாவின் தோளில் கை வைத்துக்கொண்டு இரண்டே வரிதான் ஜெபித்தார். இரண்டாவது வரி சரியாகக் கேட்கவும் இல்லை.

அன்று அப்பா டீ கூடத்துக்கு வந்தார். வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெரியம்மா என் தட்டில் இரண்டு கறிபாப் வைத்துவிட்டுப் போனார். அவர் மன்னிப்புக் கேட்டதாக அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

திரும்பும் ரயிலில்தான் எனக்கு அழுகை வந்தது. "நான் பொய் எழுதிட்டேனாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் இல்ல பாப்பா. கொஞ்சம் சீக்கிரம் எழுதிட்ட" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து இருமலில் முடிந்தது.

அன்று சாயங்காலம் நானும் அம்மாவும் ஜெபித்தோம். அம்மா வழக்கம்போல முடிக்கப் போனார். அப்பா தொண்டையைச் செருமினார். மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததாலோ என்னவோ, ஆசீர்வாதத்தின் வார்த்தைகள் அவருக்கு இரண்டு இடத்தில் தடுக்கின. ஆனால் முடித்துவிட்டார்.

என் கணக்குப்படி அடுத்த வாரமே வேலை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் டின்னிலிருந்து ஓர் இளஞ்சிவப்பு உறையை எடுத்துப் பெயரை எழுதி, சிறிய தொகை வைத்து, மூன்றாவது கோட்டை அப்படியே விட்டுப் பையில் போட்டார். போதகருக்கு முதல் வாரம் குழப்பம். பிறகு பழகி, "காரணம் குறிப்பிடாத காணிக்கை" என்று வாசித்துவிடுவார். நாங்கள் போய் முழங்காலிடுவோம். எனக்கு வெட்கமாக இருந்தது. "அப்பா, காரணம் எழுத மறந்துட்டீங்க" என்று மூன்று வாரம் நினைவுபடுத்தினேன். "தெரியும்" என்றார் மூன்று வாரமும்.

இடையில் இரண்டு இன்டர்வியூ கைநழுவிப் போயின. ஒன்றில் இறுதிச் சுற்றுவரை கூப்பிட்டுவிட்டு வயதைச் சொல்லி வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த வாரம் கண்டிப்பாக உறை இருக்காது என்று நினைத்தேன். இருந்தது.

வருஷம் முடியும் சமயத்தில் உட்லண்ட்ஸில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை, பழைய நாற்காலியும் இல்லை, ஆனாலும் வேலை. புதுப் பாஸ் வந்தது. அப்பா அதைப் பழைய நீலக் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்காக நான் எவ்வளவு ஆவலாகக் காத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. அன்றைக்குக் கைதட்டியவர்கள் எல்லாரும் இன்று நிஜமாகக் கைதட்டலாம். பள்ளிப் பையிலிருந்து என் மினுமினுப்புப் பேனாவைக்கூட எடுத்துப் போயிருந்தேன். அப்பா பெயரை எழுதி முடித்ததும் உறையை என் பக்கம் இழுத்து, மூன்றாவது கோட்டில் பேனாவை வைத்தேன். அப்பா மெல்ல என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"இப்ப உண்மையாவே கிடைச்சிடுச்சே அப்பா."

"ஆமா" என்றார். "அதை அப்படியே விட்டுடு."

போதகர் வாசித்தார், "காரணம் குறிப்பிடாத காணிக்கை." யாரும் கைதட்டவில்லை. நாங்கள் முன்னால் போய் முழங்காலிட்டோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் கண்ணை மூடாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் இருந்த அதே முகம், இன்டர்வியூ கைவிட்டுப்போன வாரம் இருந்த அதே முகம். உதடு மட்டும் அசைந்தது. இவ்வளவு பெரிய நன்மை செய்தவருக்கு ஒரே ஒரு வரி எழுத இந்த மனிதருக்கு மனசு வரவில்லையே என்று நினைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை, மன்னித்துவிடும் என்று அவருக்காக நானே ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டேன்.