சுற்றிக்கொண்டே இருந்த செயலி

"ஓம், போனை ஒருக்கா அடைச்சுத் திறங்க. கவரேஜ் இல்லாட்டி அப்படித்தான்." தோளுக்கும் காதுக்கும் இடையில் கைபேசியை இடுக்கி, தோடம்பழம் உரித்தபடியே ஸுஹைறா பேச்சை முடித்துவிடுவாள். மறுமுனையில் யார், என்ன அவசரம் என்று கேட்கும் வழக்கமில்லை.

சாய்ந்தமருது வீட்டின் முன்னறைதான் அவளுக்கு அலுவலகம். கல்முனையில் ஒரு கண் கிளினிக்கில் டொக்டரைப் பார்க்க நம்பர் எடுக்கும் செயலியை எழுதியவள் அவள். உம்மாவின் பழைய தையல் மெசின் மேசையில் கணினியை வைத்து, காலால் வெறும் மிதியை ஆட்டிக்கொண்டே நிரல் எழுதுவாள். மிதி நின்றால் எங்கோ சிக்கல் என்று உம்மாவுக்குத் தெரியும்.

ஒரு காலை, கிளினிக்கில் வீட்டை விசாரித்துக்கொண்டு பாண்டிருப்பிலிருந்து சின்னத்தங்கம் என்றொரு பெண் வந்தார். மாதமொருமுறை கொழும்பிலிருந்து வரும் கண் டொக்டர் முந்தின நாள் வந்துபோய்விட்டார். கணவர் வல்லிபுரத்துக்கு நம்பர் கிடைக்கவில்லை.

"எனக்குத்தான் பாவிக்கத் தெரியல்ல மகள். 'காத்திருங்கள்' எண்டு வந்திச்சு, காத்திருந்தன். நீங்க சொன்ன மாதிரி அடைச்சும் திறந்தன்."

ஸுஹைறா அவருடைய போனை வாங்கிச் செயலியைத் திறந்தாள். வட்டம் சுற்றத் தொடங்கியது, நிற்கவில்லை. போனின் பின்புறம் சுட்டது. கணினியில் இணைத்துப் பார்த்தாள். மிதி நின்றது.

அந்தப் பழைய போனில், செயலிக்குள் நுழைந்ததற்கான அனுமதி சேமிக்கப்படவில்லை. முன்பதிவுப் பக்கம் நுழைவுப் பக்கத்துக்கு அனுப்ப, அது மறுபடி முன்பதிவுப் பக்கத்துக்கே திருப்பியது. சொன்ன சொல் தட்டாமல் செயலி இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை சுற்றுக்கு மேல் போகாதே, நின்று ஆளுக்குச் சொல் என்று அவள்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எத்தனை பேரிடம் கவரேஜைக் குறை சொல்லியிருப்போம் என்று நினைக்க முகம் எரிந்தது.

"அக்கா, இது உங்கட பிழை இல்ல. என்ட பிழை."

"பரவாயில்ல மகள். படிப்பில்லாத எனக்கு விளங்காதுதானே," என்று சின்னத்தங்கம் அவளைத் தேற்றினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கிளினிக்கோடு கதைத்து அடுத்த மாதத்து முதல் நம்பரை எடுத்தாள். சில சுற்றோடு செயலி நின்று, 'பிழை எங்களுடையது' என்று காட்டும்படி மாற்றி எழுதினாள். வல்லிபுரத்தின் கண் இன்னும் ஒரு மாதம் தாங்குமா என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மனைவியோடு வந்திருந்த வல்லிபுரம் வாசல் படலையடியில் நின்றார். பிழை தன்னுடையது என்று அவரிடமும் போய்ச் சொன்னாள்.

"சரி பிள்ளை," என்று போனுக்குக் கை நீட்டினார். கை அவள் நின்ற பக்கம் வரவில்லை. ஸுஹைறா நகர்ந்து, அந்தக் கை இருந்த இடத்துக்குப் போனைக் கொண்டுபோய் வைத்தாள்.