ஃபெடரல் ஹைவேயில் நின்ற காரும் வாய் திறந்த என் கணவரும்

கர்த்தருடைய பிள்ளைகளே, இதைச் சொன்னால் இங்கே சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

நாங்கள் சுங்கை வேயில் இருக்கிறோம். என் கணவர் செல்வராஜுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மையத்தில் டயாலிசிஸ். அது தொடங்கியதிலிருந்து மனிதர் பேச்சையே விட்டுவிட்டார். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள், "வரல" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த டயாலிசிஸ் நாளுக்குள் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அழுது கெஞ்சிக் காரில் ஏற்றினேன். நானே ஓட்டினேன்.

ஃபெடரல் ஹைவேயில், காலை நெரிசலில், கார் நின்றுவிட்டது. ஓரமாக உருட்டி நிறுத்தினேன். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. வாடகைக் கார் எதுவும் அந்த நெரிசலுக்குள் வரச் சம்மதிக்கவில்லை. உள்ளே அவருக்கு மூச்சு இழுக்கிறது.

முதலில் வந்தவன் கார் இழுக்கும் லோரிக்காரன். விபத்து, பழுது என்றால் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்களே, அந்த ரகம். பானட்டைத் தூக்கி எஞ்சினைக்கூடப் பார்க்கவில்லை.

"எஞ்சின் போச்சு லா, அக்கா. இழுத்துட வேண்டியதுதான்."

அடுத்து வந்தவர் நம் சபை ஆள். பெயர் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விட உரக்க ஆமென் சொல்பவர். சென்ட் மணக்க இறங்கி வந்தார்.

"பேட்டரி, சிஸ்டர். நான் பாத்தவுடனே சொல்லிடுவேன்."

"பேட்டரி போயிருந்தா எஞ்சின் எப்படி பிரதர் சுத்தும்?"

உடனே குரலை மாற்றிக்கொண்டார். "அப்படின்னா இது ஆவிக்குரிய தடை. வீட்டுல ஏதோ மறைவான பாவம் இருக்கு."

பெரிய கார் வைத்திருக்கிறாரே என்று, என் கணவரைக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டேன். பின்சீட் முழுக்க ஸ்பீக்கராம். ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிறதாம். என் தலையில் கைவைத்து ஜெபித்தார், ஒரு கண் வாட்சின் மேல். பிறகு போய்விட்டார். இதற்குப் பெயர் ஊழியம்!

நான் காருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். "ஆண்டவரே, இந்த ஆட்கள் போதும். நீர் வாரும்." அவ்வளவுதான் என் ஜெபம்.

"மேரி!"

என் கணவரின் குரல். எத்தனை மாதமாயிற்று அவர் என் பெயரைச் சொல்லி!

"சாவிய லேசா திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத. பின்சீட்டுக்கு அடியில 'ங்ங்'னு ஒரு சத்தம் வரணும். வருதா?"

வரவில்லை.

"எண்ணெய் இருக்கா?"

பெட்ரோல் பாதி டேங்க் இருந்தது.

"அப்ப எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுற பம்புக்குக் கரண்டு போகல."

இன்னும் அங்கேயே நின்றிருந்த லோரிக்காரன் சிரித்தான். "அங்கிள், உங்களுக்கே முடியல. பேசாம உக்காருங்க லா."

"நீ வாய மூடு. மேரி, பானட்டைத் திற."

அந்தக் கோபம்! அதைக் கேட்க நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன். நல்லா இருந்த நாளில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால், இந்தக் கார் பானட்டுக்குள் விட்ட தலையைச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பார். இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டினார்.

"பம்புக்குக் கரண்டு விடுற ரிலே இது. பக்கத்துல இருக்கிறது ஹாரனோடது. ரெண்டும் ஒரே மாதிரிதான். மாத்திப் போடு."

மாற்றினேன். சாவியைத் திருப்பினேன். பின்சீட்டுக்கு அடியில் அந்தச் சத்தம். அடுத்த திருப்பலில் எஞ்சின் பிடித்தது. ஸ்தோத்திரம்! லோரிக்காரன் அடுத்த இரையைத் தேடிப் போனான்.

ஹாரன் இல்லாமலே பிரிக்பீல்ட்ஸ் வரை ஓட்டினேன். குறுக்கே வந்த மோட்டார்சைக்கிள்களை அவர் கண்ணாடியை இறக்கி, "ஓரம் போ லா!" என்று அதட்டிக்கொண்டே வந்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். நேரத்துக்கு மெஷினில் படுக்க வைத்தார்கள். மூச்சு சீரானது.

நான் கேட்டது கார் ஓட வேண்டும் என்று. கர்த்தர் என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது கெஞ்ச வேண்டியதில்லை. எனக்கு முன்னால் கிளம்பி, காரில் உட்கார்ந்து என்னைத் திட்டுகிறார்.

உங்கள் கஷ்டத்தைக் கிட்ட வந்து பார்க்காமலே அதற்குப் பெயர் வைக்க ஆட்கள் வருவார்கள். அவர்கள் வாயைப் பார்த்து நிற்காதீர்கள். ஆண்டவரை நேராகக் கூப்பிடுங்கள். நீட்டி முழக்க வேண்டாம், அவர் கேட்பார்.

போதும், முடிக்கிறேன். அதோ, கடைசி வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர் கையைக் காட்டுகிறார். அவருக்குப் பசி வந்துவிட்டது.